பம்பு நிற்கவில்லை, காரணம் ஒரு நத்தை!

மீன்தொட்டியில் நீர் குறைந்தால் தானாக ஊற்றும் சிறு கருவி, சில நேரம் வீட்டையே நனைத்துவிடும். அதன் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி? அதே போன்ற பழுது எம்ஆர்டி சுரங்கத்தில் ஏற்பட்டபோது என்ன ஆனது?

இணைப்பாட நடவடிக்கை முடிந்து மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறீர்கள். கதவைத் திறந்ததும் காலில் ஈரம் படுகிறது. வரவேற்பறைத் தரையெல்லாம் தண்ணீர். மீன்தொட்டி விளிம்புவரை தளும்பி நிற்கிறது. பக்கத்தில், காலையில் நிரப்பி வைத்த 20 லிட்டர் வாளி காலி. அதனுள் இருக்கும் சிறிய பம்பு மட்டும் தண்ணீரே இல்லாமல் 'கிர்ர்' என்று ஓடிக்கொண்டிருக்கிறது. கீழ்வீட்டில் நீர் கசிவதற்குள் துடைத்தாக வேண்டும்.

துடைத்து முடித்துத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால், குற்றவாளி கிடைக்கிறது. நீர்மட்டத்தைக் காட்டும் மிதவையின் மேல் ஒரு குட்டி நத்தை ஒட்டியிருக்கிறது. மிதவை மேலே எழ முடியவில்லை. "தண்ணீர் இன்னும் குறைவு" என்றே அது நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது. பம்பும் நம்பி ஊற்றிக்கொண்டிருந்தது.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் தானியங்கி நீர்நிரப்பி வைத்திருப்பவர்களிடம் கேட்டால், இதைப் போன்ற ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். நத்தையை எடுத்துவிட்டால் பழுது தீர்ந்துவிடும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு நத்தையால் 20 லிட்டர் தண்ணீரைக் கொட்ட வைக்க முடிந்தது ஏன்?

ஏன் தினமும் நீர் ஊற்ற வேண்டும்?

சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். இவ்வளவு ஈரமான காற்றில் நீர் மெதுவாகத்தானே ஆவியாக வேண்டும்? உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் இரண்டு விஷயங்கள் அந்த வேகத்தைக் கூட்டுகின்றன. ஒன்று குளிர்சாதனம். அது அறைக் காற்றின் ஈரத்தை எடுத்துவிடுகிறது. இன்னொன்று, தொட்டியின் மேல் பொருத்தும் சிறு விசிறி.

குளிர்ந்த நீரை விரும்பும் சில வகை இறால்களையும் பவளங்களையும் வளர்ப்பவர்கள் இந்த விசிறியை வைக்கிறார்கள். வியர்வை உலரும்போது உடல் குளிர்வதுபோல, நீர் ஆவியாகும்போது தொட்டியும் குளிர்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பம் தேவை. இதுதான் இயற்பியல் பாடத்தில் வரும் உள்ளுறை வெப்பம். 60 லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை குறைக்க ஏறத்தாழ 251 கிலோஜூலை வெளியேற்றினால் போதும். அப்படியானால் ஒரு லிட்டர் ஆவியாவது, 60 லிட்டர் தொட்டியை 9 பாகைக்கு மேல் குளிர்விக்கக்கூடிய அளவு வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அறையின் வெப்பம் தொடர்ந்து தொட்டிக்குள் வந்துகொண்டே இருப்பதால், நடைமுறையில் இரண்டு மூன்று பாகைதான் குறையும்.

குளிர்ச்சி கிடைக்கிறது, நீர் போகிறது. போவது நீர் மட்டுமே என்பதுதான் சிக்கல். உப்பும் தாதுக்களும் தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் மொத்தம் 3,500 கிராம் உப்பு இருக்கும். 5 லிட்டர் ஆவியானால் 95 லிட்டரில் அதே 3,500 கிராம் இருக்கும். அதாவது லிட்டருக்கு 36.8 கிராம். பவளத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் பிடிக்காது. அதனால்தான் குறைந்த நீரை நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உப்பு மேலும் ஏறும்.

எதிர்த் திசையில் என்ன நடக்கும்? பம்பு நிற்காமல் 20 லிட்டர் நன்னீரும் உள்ளே போய்விட்டால், 120 லிட்டரில் 3,500 கிராம், அதாவது லிட்டருக்கு 29.2 கிராம்தான் இருக்கும். ஆவியாதல் பல நாளில் மெதுவாகச் செய்வதைவிடப் பெரிய மாற்றத்தைப் பழுதான பம்பு ஒரே நாளில் செய்துவிடும். தரை ஈரமாவது ஒரு தொல்லை. தொட்டிக்குள் இருக்கும் உயிர்களுக்கு அது ஆபத்து.

கண், மூளை, கை, வழி

தானியங்கி நீர்நிரப்பியில் நான்கு உறுப்புகள் உண்டு. நீர்மட்டத்தைப் பார்க்கும் உணர்வி அதன் கண். பம்பை ஓட்டலாமா நிறுத்தலாமா என்று முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி அதன் மூளை. பம்பு அதன் கை. வாளியிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய் அதன் வழி. பம்பு ஊற்றிய நீரால் மட்டம் உயர, அந்த உயர்வை உணர்வி பார்த்துப் பம்பை நிறுத்துகிறது. செயலின் விளைவு மீண்டும் தொடக்கத்துக்கே செய்தியாக வருவதைப் 'பின்னூட்டம்' என்கிறோம்.

இந்த உத்தி புதிதல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த டெசிபியஸ் என்பவர் தமது நீர்க் கடிகாரத்தில் நீர்மட்டத்தைச் சீராக வைக்க மிதவையைப் பயன்படுத்தினார். உங்கள் வீட்டுக் கழிவறையின் நீர்த்தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். அதே மிதவை அங்கே இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

பழுது பார்க்கும் ஆசையில் நேராகத் தண்ணீருக்குள் கை வைக்கக்கூடாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தொட்டியோடு தொடர்புடைய எல்லாப் பிளக்குகளையும் சுவிட்சை அணைத்துக் கழற்றுங்கள். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து வரும் மின்கம்பி பிளக்கை அடைவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே தொங்க வேண்டும். அப்போது கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. புதிதாகக் கருவி அமைப்பவர்கள் 12 வோல்ட் பம்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பாதியாகப் பிரித்துப் பாருங்கள்

நான்கு உறுப்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தேவையில்லை. பொறியாளர்கள் சங்கிலியை நடுவில் பிரித்துப் பார்ப்பார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டு, பம்பை அதற்குரிய மின்வழங்கியோடு நேரடியாக இணைத்துப் பாருங்கள். பம்பு ஓடி, நீரும் தொட்டிக்கு வந்தால் கையும் வழியும் நலம். பழுது கண்ணிலோ மூளையிலோ இருக்கிறது. பம்பு ஓடாவிட்டால் உணர்வியைச் சந்தேகித்துப் பயனில்லை. பம்பின் விசிறித் தகட்டில் பாசியோ மணலோ சிக்கியிருக்கலாம். ஒரே சோதனையில் சந்தேகப் பட்டியல் பாதியாகிவிட்டது. அடுத்த பாதியையும் இப்படியே பிரிக்கலாம்.

இனி, அடிக்கடி மாட்டிக்கொள்ளும் சந்தேக நபர்களைப் பார்ப்போம்.

சந்தேக நபர் 1: சிக்கிக்கொண்ட மிதவை

மிதவைக்குள் ஒரு சிறு காந்தம் இருக்கும். நடுத்தண்டுக்குள் கண்ணாடிக் குழாயில் அடைத்த இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். இதற்கு ரீட் சுவிட்ச் என்று பெயர். மிதவை ஏறி இறங்கும்போது காந்தம் தகடுகளைச் சேர்க்கவோ பிரிக்கவோ செய்யும். நத்தை, பாசி, காய்ந்த உப்புப் படிவு ஆகிய எதுவும் மிதவையைப் பிடித்துக்கொள்ளலாம். கீழே சிக்கினால் பம்பு நிற்காது. மேலே சிக்கினால் பம்பு ஓடவே ஓடாது.

மிதவை நன்றாக ஏறி இறங்கியும் பம்பு நிற்கவில்லையா? தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கலாம். பம்பின் மோட்டார் தொடங்கும் நொடியில் மின்னோட்டம் வழக்கத்தைவிட அதிகமாகப் பாயும். அந்த மின்னோட்டம் சிறிய தகடுகள் வழியாகவே போனால், தீப்பொறியில் உலோகம் உருகி ஒட்டிக்கொள்ளும். மல்டிமீட்டர் இருந்தால் இதைச் சோதிப்பது எளிது. மிதவையின் இரண்டு கம்பிகளையும் அதில் இணைத்து, மிதவையைக் கையால் உயர்த்தி இறக்குங்கள். 'பீப்' ஒலி வந்து வந்து மறைய வேண்டும். எப்போதும் ஒலித்தாலோ, ஒலிக்கவே இல்லை என்றாலோ மிதவை பழுது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சிம் லிம் டவரில் மின்னணு உதிரிப்பாகக் கடைகள் பல உள்ளன. மிதவை சுவிட்ச் வாங்கும்போது, அதனால் எவ்வளவு மின்னோட்டம் தாங்க முடியும் என்று கேட்டு வாங்குங்கள்.

சந்தேக நபர் 2: ஏமாந்துபோன ஒளி உணர்வி

சில கருவிகளில் மிதவைக்குப் பதில் ஒளி உணர்வி இருக்கும். அதன் நுனி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி செல்லும் ஒரு சிறு பட்டகம். நுனியின் சரிவில் ஒளி 45 பாகைக் கோணத்தில் படுகிறது. பட்டகத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. வெளியே காற்று இருந்தால் மாறுநிலைக் கோணம் சுமார் 42 பாகை. 45 அதைவிடப் பெரியது. எனவே முழு அக எதிரொளிப்பு நடந்து, ஒளி திரும்பி வருகிறது. "நீர் இல்லை" என்று கருவி புரிந்துகொள்கிறது. வெளியே நீர் இருந்தால் மாறுநிலைக் கோணம் சுமார் 62 பாகையாகிவிடும். 45 அதைவிடச் சிறியது. ஒளி நீருக்குள் வெளியேறிவிடும். "நீர் இருக்கிறது."

பாடநூலில் வரைபடமாகப் பார்த்தது இங்கே ஒரு சுவிட்சாக வேலை செய்கிறது. இதற்கு அசையும் பாகம் இல்லை. ஆனாலும் ஏமாறும். மட்டம் குறைந்த பிறகும் நுனியில் ஒரு துளி நீர் தொங்கினால், நீர் இருப்பதாகவே நினைத்துப் பம்பை ஓட்டாது. நுனியில் காற்றுக்குமிழ் ஒட்டினாலோ, வெள்ளைப் படிவு ஒளியைத் திருப்பி அனுப்பினாலோ, சன்னல் வெயில் நேராக விழுந்தாலோ, நீர் இல்லை என்று நினைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கும். மென்மையான துணியால் நுனியைத் துடைப்பதும், வெயில் படாத இடத்துக்கு மாற்றுவதும் பெரும்பாலும் போதும். படிவு கெட்டியாக இருந்தால் வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள்.

சந்தேக நபர் 3: பம்பு நின்றும் நிற்காத நீர்

பம்பு நின்றுவிட்டது, ஓசை இல்லை, ஆனால் நீர் மட்டும் தொடர்ந்து வருகிறது. பலரைக் குழப்பும் பழுது இது. காரணம் 'சைஃபன்' விளைவு. குழாய் முழுவதும் நீர் நிரம்பியிருந்து, வாளியின் நீர்மட்டம் குழாயின் மறுமுனையைவிட உயரத்தில் இருந்தால், பம்பு இல்லாமலே நீர் வழிந்து வரும்.

நேர்மாறாகவும் நடக்கும். வாளி தரையில், தொட்டி மேசைமேல், குழாயின் முனை தொட்டி நீருக்குள் மூழ்கியிருக்கிறது என்று வையுங்கள். பம்பு நின்றதும் தொட்டி நீர் பின்னோக்கிப் பாய்ந்து வாளிக்கு வரும். வாளி வழிந்து தரை நனையும். மட்டம் குறைந்ததைக் கண்ட உணர்வி மறுபடி பம்பை ஓட்டும். வாளி நீரில் உப்புச் சுவை இருந்தால் (சுவைக்க வேண்டாம், உப்புமானியால் அளந்து பாருங்கள்) இதுதான் காரணம்.

தீர்வுக்குக் காசு செலவில்லை. குழாயின் முனை தொட்டி நீருக்கு மேலே காற்றில் இருக்க வேண்டும். வாளியின் மிக உயர்ந்த நீர்மட்டத்தைவிடவும் அது உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளும் முக்கியம். முனை காற்றில் இருந்தும் வாளி அதைவிட உயரத்தில் இருந்தால் நீர் நிற்காது.

சந்தேக நபர் 4: அலை

பம்பு நிமிடத்துக்குப் பலமுறை ஓடி ஓடி நிற்கிறதா? நீரின் மேற்பரப்பு அலைவதால் மிதவை துள்ளுகிறது. இப்படி ஓடினால் சுவிட்சும் ரிலேயும் விரைவில் தேயும். உணர்வியை அமைதியான மூலைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால், பக்கவாட்டில் சிறு துளைகள் இட்ட பிளாஸ்டிக் குழாயை அதைச் சுற்றி நிறுத்துங்கள். நீர் மெதுவாக உள்ளே வரும், அலை வராது. துறைமுகங்களில் கடல்மட்டத்தை அளக்கும் கருவிகளிலும் இதே உத்தி உண்டு. மட்டம் பத்து நொடி தொடர்ந்து குறைவாக இருந்தால் மட்டுமே பம்பை ஓட்டும்படி கட்டுப்பாட்டுப் பெட்டியை அமைப்பது இன்னொரு வழி.

சந்தேக நபர் 5: உண்மை சொல்லும் உணர்வி

இது கொஞ்சம் நுட்பமானது. பெரிய தொட்டிகளில், கீழே அலமாரிக்குள் வடிகட்டிகள் உள்ள அடித்தொட்டி இருக்கும். மேல்தொட்டியிலிருந்து வழியும் நீர் அங்கே பல அறைகளைக் கடந்து, கடைசி அறையிலிருந்து மேலே ஏற்றப்படும். ஆவியாதலால் ஏற்படும் குறைவு அந்தக் கடைசி அறையில்தான் தெரியும். எனவே உணர்வியையும் அங்கேதான் வைக்கிறார்கள்.

அறைகளுக்கு இடையிலுள்ள பஞ்சு அழுக்கால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? முந்தைய அறையில் நீர் தேங்கும். கடைசி அறையில் மட்டம் குறையும். உணர்வி சொல்வது முழு உண்மை. அங்கே நீர் குறைவுதான். ஆனால் தொட்டியில் மொத்த நீர் குறையவில்லை. இது தெரியாத கருவி நன்னீரை ஊற்ற, உப்புத்தன்மை இறங்கிக்கொண்டே போகும். வழக்கத்தைவிட வாளி வேகமாகக் காலியாகிறது, தரையில் ஈரமும் இல்லை என்றால் முதலில் பஞ்சைப் பாருங்கள். கருவியில் பழுதே இல்லாமலும் இருக்கலாம்.

பீஷானில் நடந்தது

நீர்மட்டத்தைப் பார்த்துப் பம்பை ஓட்டும் வேலை மீன்தொட்டியோடு முடிவதில்லை. லிட்டில் இந்தியா ஓரமாக ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர் மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2008ல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டில் 9 மதகுகளும் 7 பெரிய பம்புகளும் உள்ளன. கனமழையின்போது கடல்மட்டம் தாழ்வாக இருந்தால் மதகுகள் வழியே நீர் வெளியேறும். கடல்மட்டம் உயர்ந்திருந்தால் மதகைத் திறக்க முடியாது. திறந்தால் கடல் உள்ளே வரும். அப்போது பம்புகள் நீரை இறைத்துக் கடலில் விடும். ஜாலான் புசார் போன்ற தாழ்வான பகுதிகளில் வெள்ளம் குறைய இந்த ஏற்பாடு உதவுகிறது.

இத்தகைய அமைப்பு தவறினால் என்ன ஆகும் என்பதை சிங்கப்பூர் ஒருமுறை நேரில் பார்த்தது. 2017 அக்டோபர் 7, சனிக்கிழமை. மாலையில் கனமழை. வடக்கு-தெற்கு ரயில் பாதையில் பீஷானுக்கும் பிராடலுக்கும் இடையிலுள்ள சுரங்கப்பாதைக்குள் மழைநீர் புகுந்தது. பீஷானில் மழைநீரைச் சேர்த்து வெளியேற்றுவதற்கான குழியும் பம்புகளும் இருந்தன. ஆனால் பம்புகள் ஓடவில்லை. நீர்மட்டம் உயர்ந்ததை அவற்றுக்குச் சொல்ல வேண்டிய மிதவை சுவிட்சுகள் வேலை செய்யவில்லை. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையினரும் நீரை வெளியேற்ற உதவினார்கள். அந்தப் பாதையில் ரயில் சேவை ஏறத்தாழ 20 மணி நேரம் தடைபட்டது.

விசாரணையில் இன்னொன்றும் தெரியவந்தது. பம்பு அமைப்புக்குச் செய்ய வேண்டிய பராமரிப்பு வேலைகள் செய்யப்படாமலே, செய்ததாகப் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருந்தன. 2018ல் நிலப் போக்குவரத்து ஆணையம் எஸ்எம்ஆர்டி நிறுவனத்துக்கு 1.9 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது.

மீன்தொட்டியில் மிதவை கீழே சிக்கியதால் பம்பு நிற்கவில்லை. பீஷானில் பம்பு தொடங்கவே இல்லை. திசைதான் வேறு. இரண்டிலும் பம்பு நல்ல நிலையில் இருந்தும், தகவல் சொல்லும் இடத்தில் கோளாறு. இரண்டிலும் அந்தக் கோளாறு தேவைப்படும் நாள்வரை வெளியே தெரியவில்லை. தானியங்கிக் கருவியின் ஆபத்து இதுதான். நாம் கையால் நீர் ஊற்றிய காலத்தில் தினமும் தொட்டியைப் பார்த்தோம். கருவி வந்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

இரண்டாவது காவலர்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஒரு நத்தையால் வாளி முழுவதையும் கொட்ட வைக்க முடிந்ததற்குக் காரணம், அந்த அமைப்பு முழுவதும் ஒரே மிதவையை நம்பியிருந்ததுதான். மிதவை என்றாவது சிக்கத்தான் செய்யும். சிக்கினாலும் பெரிய சேதம் ஆகாதபடி அமைப்பதே நம் வேலை. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, இன்னோர் உணர்வி. வழக்கமான மட்டத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே அதைப் பொருத்துங்கள். முதல் உணர்வியும் இதுவும் தொடர்சுற்றாக இருக்கட்டும். தொடர்சுற்றில் இரண்டு சுவிட்சுகளும் மூடியிருந்தால்தான் மின்சாரம் பாயும். எனவே எந்த ஒன்று "போதும்" என்றாலும் பம்பு நிற்கும். இரண்டும் ஒரே வகையாக இல்லாமல் இருப்பது நல்லது. முதலாவது ஒளி உணர்வி என்றால் இரண்டாவது மிதவையாக இருக்கட்டும். ஒரே இடத்தில் ஒரே வகை உணர்விகள் இரண்டு இருந்தால், ஒரே பாசி இரண்டையும் கெடுத்துவிடும். இரண்டாவது உணர்வி கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாகச் செல்லாமல் பம்பின் மின்கம்பியிலேயே இருந்தால், பெட்டிக்குள் ரிலே ஒட்டிக்கொண்டாலும் நீர் நிற்கும். பம்பின் மின்னோட்டத்தை அந்த மிதவை தாங்குமா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, நேர வரம்பு. பம்பு நிமிடத்துக்கு 2 லிட்டர் ஊற்றும், தொட்டி நாளுக்கு ஒரு லிட்டர் இழக்கும் என்றால் அரை நிமிடம் போதும். ஒரு நிமிடத்தைத் தாண்டி ஓடினால் பம்பை நிறுத்தி ஒலியெழுப்பும்படி அமைக்கலாம். அப்போது மிதவை சிக்கினாலும் தொட்டிக்குள் போவது 2 லிட்டர்தான். அர்டுயினோ போன்ற பலகையில் நிரல் எழுதத் தெரிந்த மாணவர்களுக்கு இது சில வரி வேலை.

மூன்றாவது, மிக எளியது. சிறிய வாளி. 20 லிட்டருக்குப் பதில் 5 லிட்டர் வாளி வைத்தால், எல்லாமே தவறிப்போனாலும் 100 லிட்டர் தொட்டியின் உப்பு 35 கிராமிலிருந்து 33.3 கிராமுக்குத்தான் இறங்கும். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் நிரப்ப வேண்டியிருக்கும். அந்தச் சாக்கில் தொட்டியையும் ஒருமுறை பார்ப்பீர்கள்.

வாளியிலும் கவனம்

அசையாமல் நிற்கும் தெளிந்த நீர் ஏடிஸ் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம். முட்டையிலிருந்து முழுக் கொசு ஆக அதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்புவது இந்தக் கொசுதான். வாளிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். குழாயும் மின்கம்பியும் நுழையும் துளைகளைப் பஞ்சால் அடையுங்கள். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது தொட்டியில் மீன் இருப்பது சமாதானம் ஆகாது. மீன் இருப்பது தொட்டியில், கொசு முட்டையிடுவது வாளியில்.

இன்னொன்று, நம் குழாய்நீர். கிருமிகளைக் கொல்ல அதில் குளோரமின் சேர்க்கப்படுகிறது. குளோரின் என்றால் ஓரிரவு திறந்து வைத்தால் பெரும்பாலும் வெளியேறிவிடும். குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது. அது மீனின் செவுள்களைப் பாதிக்கும். எனவே குளோரமினையும் நீக்கும் மருந்து கலந்த பிறகே வாளியை நிரப்புங்கள்.

மாதத்துக்கு 5 நிமிடம்

1. கீழ் மிதவையைக் கையால் அழுத்துங்கள். பம்பு ஓட வேண்டும். விட்டதும் நிற்க வேண்டும்.

2. கீழ் மிதவையை அழுத்தியபடியே மேல் மிதவையை உயர்த்துங்கள். பம்பு உடனே நிற்க வேண்டும். இரண்டாவது காவலர் விழித்திருக்கிறாரா என்று பார்க்கும் சோதனை இது. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

3. பம்பு நின்ற பிறகு குழாய் முனையை ஒரு நிமிடம் கவனியுங்கள். சில சொட்டுகளோடு நீர் நிற்க வேண்டும்.

4. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, உணர்விகளையும் பம்பின் வாயையும் துடையுங்கள்.

5. வாளியில் எவ்வளவு குறைந்தது என்று தேதியோடு எழுதுங்கள். சோதனையைச் செய்த பிறகே எழுத வேண்டும்.

மிதவையைத் தொடும் சோதனைகளைப் பெரியவர் ஒருவரோடு, 12 வோல்ட் பம்பு உள்ள அமைப்பில் மட்டும் செய்யுங்கள். விளக்கு, வடிகட்டி, விசிறி ஆகியவற்றின் பிளக்குகள் அப்போது கழற்றப்பட்டிருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் பம்பு என்றால் கைக்குப் பதிலாக உலர்ந்த பிளாஸ்டிக் குச்சியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

தொட்டி இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்களில் சம அளவு நீர் ஊற்றி, மட்டத்தை ஒட்டுநாடாவால் குறியுங்கள். ஒன்றை விசிறியின் எதிரிலும் மற்றொன்றைக் காற்றில்லாத மூலையிலும் வையுங்கள். அறை, நீரின் அளவு, கிண்ணம் எல்லாம் ஒன்று, மாறுவது காற்றோட்டம் மட்டும். மூன்று மணி நேரத்துக்குப் பின் சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்து, எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். வெப்பமானி இருந்தால் நீரின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். மழை நாளில் ஒருமுறை, குளிர்சாதன அறையில் ஒருமுறை செய்தால் எண்கள் எப்படி மாறுகின்றன? செய்து முடித்ததும் கிண்ணத்து நீரைக் கொட்டிவிடுங்கள், கொசுவுக்கு விட்டுவைக்காதீர்கள்.

மீன்தொட்டி உள்ளவர்கள் இன்று மாலையே இரண்டாவது சோதனையைச் செய்து பாருங்கள். மேல் மிதவையை உயர்த்தியும் பம்பு நிற்கவில்லை என்றால், அதை நீங்கள் அருகில் இருக்கும்போதே கண்டுபிடித்தது நல்லதாகப் போயிற்று.